ஒரு பிடி அரிசி, ஒரு பள்ளிக்கூடம்: விருதுநகர்க் கணக்கு

மதுரையில் என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். விருதுநகரிலிருந்து வத்தல், மல்லி, பருப்பு எல்லாம் சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும். கூடவே வரும் பில்லில் சரக்கு விலைக்குக் கீழே சில்லறைச் செலவுகள் வரிசையாக இருக்கும். சாக்கு, ஏத்துக்கூலி, அப்புறம் 'மகமை'. இருப்பதிலேயே சின்னத் தொகை அதுதான். கூட்டல் சரிபார்க்கச் சொல்லி ஒருநாள் என்னிடம் கொடுத்தார். மகமை என்றால் என்ன என்று கேட்டேன். "அது பள்ளிக்கூடத்துக்குப் போற காசுடா" என்றார். பருப்பு விற்கிறவர் பள்ளிக்கூடத்துக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும், அதைப் பருப்பு பில்லிலேயே ஏன் எழுத வேண்டும் என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

ஊர்ச்சங்கங்களும் அறக்கட்டளைகளும் பிள்ளைகள் படிப்புக்கு எப்படிக் கைகொடுக்கின்றன என்று யார் பேசினாலும் எனக்கு அந்த பில்தான் நினைவுக்கு வருகிறது. மாலை மரியாதை, மேடை, கொடையாளர் படம் எதுவும் இல்லாமல் ஒரு பள்ளிக்கூடம் பல காலம் நடந்த கதை அதில் இருக்கிறது. அது எப்படி நடந்தது, எது வரைக்கும் பலித்தது, எங்கே போய் முட்டி நின்றது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறேன்.

ஊர்

விருதுநகரின் பழைய பெயர் விருதுபட்டி. 1923இல் பெயர் மாறியது. சுற்றிலும் மானம் பார்த்த பூமி. கரிசலில் பருத்தியும் கம்பும் சோளமும் விளையும், பெரிய ஆற்றுப் பாசனம் கிடையாது. ஆனால் வத்தல், மல்லி, ஏலக்காய், எண்ணெய் எதுவானாலும் விருதுநகர் மார்க்கெட் என்ன விலை சொல்கிறது என்று தென்மாவட்டக் கடைக்காரர்கள் இன்றும் பேப்பரைப் புரட்டுவார்கள். 1876இல் மதுரை தூத்துக்குடி ரயில் பாதை வந்தபிறகு இந்த வியாபாரம் வேகம் பிடித்தது. அதற்கு முன்பு எல்லாம் மாட்டுவண்டிதான்.

மாட்டுவண்டிக் காலத்தில்தான் நம் கதை தொடங்குகிறது. திருநெல்வேலித் தேரிக்காடுகளிலிருந்து வடக்கே வியாபாரத்துக்கு வந்த நாடார் குடும்பங்கள் விருதுபட்டி, சிவகாசி, அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் நிலைகொண்டன. வழியில் கள்வர் பயம் இருந்ததால் வண்டிகளும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்கச் சுற்றுச்சுவர் வைத்த பேட்டைகளைக் கட்டினார்கள். உள்ளே கிணறு, சரக்குக் கொட்டகை, காவல் எல்லாம் இருக்கும். பேட்டையைப் பயன்படுத்தும் வியாபாரி அதற்கு ஒரு தொகை கொடுக்க வேண்டும். அதுதான் மகமை. பிறகு மூட்டைக்கு இவ்வளவு, விற்ற சரக்கின் மதிப்பில் இவ்வளவு என்று கடைகளுக்கும் அது பரவியது. பணம் தனி ஆள் கைக்குப் போகாது. குடும்பத் தலைவர்கள் கூடிய உறவின்முறை என்ற சபையின் பொதுக் கணக்கில் சேரும். கிணறு வெட்ட, கோயில் கட்ட, சத்திரம் நடத்த அதிலிருந்து எடுப்பார்கள்.

இந்தப் பணம் பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் வியாபாரம் மட்டும் இல்லை. கையில் காசு சேர்ந்த பிறகும் அந்தச் சமூகத்துக்கு ஊரில் மரியாதை வரவில்லை. கோயிலுக்குள் போகத் தடை இருந்தது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கு 1897இல் கிளம்பி அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய் 1908இல் தோல்வியில் முடிந்தது. இதற்கு நடுவில் 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசியே சூறையாடப்பட்டது. தெற்கே நாசரேத், சாயர்புரம் பக்கம் மிஷனரிகள் நடத்திய பள்ளிகளில் கிறிஸ்தவர்களான உறவுக்காரப் பிள்ளைகள் படித்து மேலே வந்துகொண்டிருந்ததையும் வடக்கே இருந்தவர்கள் பார்க்காமல் இல்லை. கணக்கு எழுதத் தெரிந்தால் மட்டும் போதாது, மனு எழுதவும் தெரிய வேண்டும் என்ற இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1880களில் விருதுபட்டியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. இன்றைக்கும் ஊரில் கே.வி.எஸ். என்றுதான் சொல்கிறார்கள்.

பானை

மகமை கடைக்காரர்களின் பங்கு. வீட்டின் பங்கு பிடி அரிசி. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது களைவதற்கு எடுத்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை ஆள் வந்து வாங்கிப் போவார். சேர்ந்த அரிசியை விற்று வரும் பணம் பள்ளிக்கு. பிள்ளைகளிடம் சம்பளம் வாங்காமல் பள்ளி நடந்ததற்கு இந்தப் பானைகள் ஒரு முக்கியக் காரணம்.

ஒரு பிடி எவ்வளவு இருக்கும்? பெண்களின் கைக்கு 40 கிராம் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு ஒரு வீட்டிலிருந்து 280 கிராம்தான், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே பற்றாது. ஆனால் ஆயிரம் வீடு என்றால் வாரத்துக்கு 280 கிலோ. வருஷத்துக்கு பதினான்கரை டன், நூறு கிலோ மூட்டையாகக் கட்டினால் 145 மூட்டை. இது என் மனக்கணக்குதான், பழைய பேரேடு எதையும் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் ஏற்பாட்டின் சூட்சுமம் இதில் தெரிந்துவிடும்.

அளவை விட, அரிசி எடுக்கப்படும் நேரம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மாசக் கடைசியில் மிஞ்சினால் கொடுக்கலாம் என்றால் எந்த வீட்டில் மிஞ்சும்? இங்கே சமைப்பதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தின் பங்கு தனியாகப் போய்விடுகிறது. அப்புறம் மீதியில்தான் வீட்டுச் சாப்பாடு. வீட்டில் ஒருவர் கூடுதலாகச் சாப்பிடுவதாகக் கணக்கு, அவ்வளவுதான். தினமும் செய்வதால் கை தானாக அந்தப் பானைக்குப் போகும், யாரும் யோசித்து முடிவெடுக்க வேண்டியதில்லை. காசாகக் கேட்டால் ஏழை வீட்டுக்காரர் கூசுவார், பணக்காரர் பேரம் பேசுவார். அரிசியில் இரண்டு பேருக்கும் ஒரே பிடிதான்.

இன்னொன்றும் உண்டு. பானையில் அரிசி போட்ட அம்மாவின் மகன் அதே பள்ளியில் படிக்கிறான். வாத்தியார் சரியாகச் சொல்லித்தரவில்லை என்றால், "எங்க அரிசியத் தின்னுட்டு என்ன பண்றாரு?" என்று கேட்கிற வாய் அவளுக்கு வந்துவிடுகிறது. வெளியூர்ச் செல்வந்தர் ஒருவரின் தர்மத்தில் நடக்கும் பள்ளியில் இந்தக் கேள்வி எழாது. அங்கே பெற்றவர்கள் நன்றி மட்டும்தான் சொல்ல முடியும்.

இதே யோசனை வேறு இடங்களிலும் முளைத்திருக்கிறது. மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் ஒவ்வொரு சமையலுக்கும் ஒரு பிடி அரிசி ஒதுக்கிச் சபைக்குக் கொடுத்துவருகிறார்கள். அரிசிச்சோறு சாப்பிடுகிற ஊர்களில் யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளாமலே தோன்றக்கூடிய ஏற்பாடு இது என்று நினைக்கிறேன்.

சரி, இதை 'தர்மம்' என்று சொல்லலாமா? எனக்குத் தயக்கம் உண்டு. மகமையை ஒரு வியாபாரி இஷ்டம் இருந்தால் கொடுக்கலாம், இல்லாவிட்டால் விடலாம் என்று இருக்கவில்லை. உறவின்முறைக்கு அபராதம் போடவும் ஊர் விலக்கு வைக்கவும் அதிகாரம் இருந்தது. அந்த அழுத்தம் இல்லாமல் இத்தனை வருஷம் பணம் ஒழுங்காக வந்திருக்குமா என்பது சந்தேகம். பாதி அன்பு, பாதி வரி என்று வைத்துக்கொள்ளலாம்.

நின்றுபோன பையன்

அந்தப் பள்ளிக்குக் கிடைத்த பெரும்புகழ் அங்கே படிப்பை முடிக்காத ஒரு பையனால் வந்தது. 1903 ஜூலை 15 அன்று பிறந்த காமராஜர் அங்கேதான் படித்தார். ஆறு வயதில் அப்பா குமாரசாமி இறந்துபோனார். அம்மா சிவகாமி நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் போட்டு, வந்த வட்டியில் குடும்பம் நடத்தினார். பையன் ஆறாம் வகுப்போடு நின்று மாமாவின் ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போனான்.

காமராஜரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இடத்தை உருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். இந்த ஆய்வுக்கு இங்கேதான் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் நின்றது சம்பளம் கட்ட முடியாமல் இல்லை. பள்ளி இலவசம், ஊரே அரிசி போட்டு நடத்திய பள்ளி. அப்படியும் ஒரு பையன் நின்றுவிட்டான். பிள்ளை பள்ளிக்குப் போக ஆகும் செலவு சம்பளமும் புத்தகமும் மட்டும் இல்லை, அவன் கடையில் நின்றிருந்தால் வந்திருக்கும் காசும், வீட்டில் அவனுக்குப் போட வேண்டிய சோறும் சேர்ந்ததுதான். பிடி அரிசி வாத்தியாருக்குச் சம்பளமாக மாறியது. பையனின் தட்டுக்கு வரவில்லை.

1954இல் அவர் முதலமைச்சர் ஆனார். மதிய உணவுத் திட்டம் 1956இல் எட்டயபுரத்தில் தொடங்கியது. சென்னை மாநகராட்சிப் பள்ளி ஒன்றில், மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயச் செட்டியார் காலத்திலேயே, 1920இல், ஒரு முன்னோட்டம் நடந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் காமராஜர் காலத்துத் திட்டத்தின் அமைப்பில் விருதுநகர் வாடை அடிக்கிறது. முதலில் ஊரார் கொடையை நம்பித்தான் சமையல் நடந்தது. 1957 நவம்பரில் அரசு மானியம் வந்தபோது ஒரு சாப்பாட்டுக்குப் பத்துப் பைசா என்று கணக்குப் போட்டார்கள். ஆறு பைசா அரசு, நாலு பைசா ஊர். அந்த நாலு பைசாவை அரசே ஏற்றிருக்க முடியாதா என்று கேட்கலாம். கஜானா ஒல்லியாக இருந்தது உண்மை. ஆனால் ஊரின் கை அண்டாவுக்குள் இருந்தால்தான் சோறு ஒழுங்காக இருக்கும் என்ற அனுபவமும் அதற்குள் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்து வந்தது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்தியது. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாகப் போனது. ஊர்க்காரர்களே தங்கள் பள்ளிக்கு என்னென்ன குறை என்று பட்டியல் போட வேண்டும். கூரை, பெஞ்சு, கரும்பலகை, நிலப்படம், கிணறு, சீருடை என்று அது நீளும். யார் எதைக் கொடுக்கிறார்கள் என்பது மாநாட்டில் எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்படும். திருவிழாவுக்கு உபயம் எழுதுவதைப் போலத்தான். மேடையில் பெயர் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது அல்லவா! ஒரு சாதிச் சபையின் கட்டாயம் இங்கே ஊர்ப் பெருமையாக மாறி, எல்லாச் சாதிக்கும் பொதுவான பஞ்சாயத்துப் பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இதுதான்.

முட்டி நின்ற இடம்

இனி கசப்பான பகுதி. மகமையின் பலம் எதுவோ அதுவேதான் அதன் எல்லையும். நம் ஆட்கள், நம் பிள்ளைகள் என்ற நெருக்கத்தால்தான் பானை நிறைந்தது. அந்த 'நம்'முக்கு வெளியே இருந்த பிள்ளைக்குப் பானை கிடையாது. மகமை மாதிரி பொதுப்பணம் சேர்க்கக் கடையோ சந்தையோ இல்லாத, கூலி வேலை ஒன்றே கதி என்றிருந்த சாதிகளுக்கு இந்த வழியைக் காட்டி 'நீங்களும் முன்னேறுங்கள்' என்று சொல்வது நியாயமே இல்லை. இப்போது கே.வி.எஸ். அரசு உதவி பெறும் பள்ளி, எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். ஆனால் அந்த இடத்துக்கு வருவதற்கு அரசின் பணமும் சட்டமும் தேவைப்பட்டன.

சபைக்குள்ளும் ஒரு ஓட்டை. தினமும் அரிசி எடுத்து வைத்தவர்கள் பெண்கள். உறவின்முறையில் உட்கார்ந்து அந்தப் பணத்தைப் பற்றிப் பேசியவர்கள் ஆண்கள். பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது, 1962இல் வே.வ. வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் வந்தது. ஆண்பிள்ளைகளுக்கான செந்திக்குமார நாடார் கல்லூரி வந்தது 1947இல். இரண்டுக்கும் நடுவே பதினைந்து வருஷம். பானைக்கு அரிசி போட்ட கை யாருடையது என்று பார்த்தால் இந்த வரிசை உறுத்துகிறது.

எல்லாவற்றையும் விட உறுத்துவது பக்கத்தில் இருக்கும் சிவகாசி. 1923இல் அங்கே தீப்பெட்டித் தொழில் வேர்விட்டது. பட்டாசும் அச்சும் பின்னால் வந்தன. மகமைப் பள்ளிகள் அங்கேயும் நன்றாகத்தான் நடந்தன. அதே சமயத்தில் சுற்றுக் கிராமங்களிலிருந்து விடியுமுன்னே கம்பெனி பஸ்களில் ஏறிப்போய்க் குச்சி அடுக்கியவர்களில் ஏராளமானோர் சிறு பிள்ளைகள். 1980களில் நாடே இதைப் பற்றிப் பேசியது. 1988இல் வந்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் பில்லில் மகமை எழுதிப் பள்ளி நடத்திய பகுதி, இன்னொரு பக்கம் வேறு வீட்டுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து இழுத்த பகுதி. இரண்டும் ஒரே மாவட்டம்தான். கொடை கொடுத்தவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடையை மட்டும் நம்பினால் கொடுப்பவரின் பார்வை போகும் தூரத்தோடு அது நின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

விருதுநகர் மாவட்டம் பிளஸ் டூ தேர்ச்சியில் 2017, 2018 இரண்டு வருஷமும் மாநிலத்தில் முதலிடம். அதே மாவட்டத்தை 2018இல் நிதி ஆயோக், வளர்ச்சியில் பின்தங்கி முன்னேறத் துடிக்கும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்த்தது. பிடி அரிசியால்தான் தேர்ச்சி விகிதம் ஏறியது என்று மேடையில் சிலர் பேசுவதுண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். நூறு வருஷத்துக்கு நடுவில் எத்தனையோ நடந்திருக்கிறது.

இப்போது

பிடி அரிசிப் பானை பெரும்பாலும் போய்விட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவைப் பெரிதாக்கிய பிறகு, ஊர்ப்பங்கு இல்லாமலே சோறு கிடைத்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளுக்கும், பிறகு மாநிலம் முழுவதற்கும் போனது. ஆறாம் வகுப்போடு நின்ற அந்தப் பையனின் தட்டு விஷயத்தை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது. அது சரியானதும்கூட. பசியை ஊராரின் தயவில் விடக்கூடாது.

ஊரின் கை வேறு வடிவம் எடுத்திருக்கிறது. 'கல்விச் சீர்' என்று ஒரு வழக்கம் பல மாவட்டங்களில் பரவியிருக்கிறது. தாய்மாமன் சீர் கொண்டுவருவதைப் போலப் பெற்றோரும் ஊர்ப் பெரியவர்களும் தாம்பாளத்தில் பழம் வெற்றிலை, பின்னால் பீரோ, நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி என்று மேளதாளத்தோடு அரசுப் பள்ளிக்குள் நுழைவார்கள். பார்க்கவே அவ்வளவு நன்றாக இருக்கும். நிறுவனங்களும் முன்னாள் மாணவர்களும் கொடுக்கும் நிதிக்கு 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று அரசே ஒரு அமைப்பைத் தொடங்கியது.

இவை எதிலும் எனக்குப் புகார் இல்லை, ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்ல வேண்டும். சீர் ஒருமுறை வருவது. பானை வாராவாரம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் செலவாகிற காசு சின்னச் சின்னது. கழிவறை கழுவ ஆள், பினாயில், சாக்பீஸ், குழாய்க்கு வாஷர், வகுப்பில் ஒருவன் விழுந்து முட்டி கிழிந்தால் ஆட்டோ. அரசு மானியம் வரும், ஆனால் நேரத்துக்கு வரும் என்று சொல்ல முடியாது. இந்தச் செலவுகளுக்குக் கொடையாளர் கிடைப்பது அரிது. பினாயில் பாட்டிலில் யார் பெயர் பொறிப்பார்கள்? மகமைக்காரர்கள் இதைத்தான் தீர்த்து வைத்திருந்தார்கள். எப்போதாவது வரும் பெரிய தொகையை விட எப்போதும் வரும் சின்னத் தொகை பள்ளிக்கு மேல் என்று வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்தது. கடையும் அப்படித்தானே ஓடுகிறது.

இன்று ஒரு ஊர்ச்சங்கம் என்னிடம் யோசனை கேட்டால், கட்டடத்தை அரசிடம் கேட்டு வாங்குங்கள், நீங்கள் மாசாமாசம் ஒரு சிறு தொகைக்கு வழி செய்யுங்கள் என்பேன். கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில், அம்மாக்கள் பாதிப்பேராவது இருக்கும் கூட்டத்தில் வாசியுங்கள். ஒரு சாதி, ஒரு தெரு என்று பானையைச் சுருக்காதீர்கள். முதலில் யாருடைய பிள்ளை வகுப்பில் இல்லை என்று போய்ப் பாருங்கள்.

போன வருஷம் இப்படிச் சீர் வாங்கிய கிராமத்துப் பள்ளி ஒன்றுக்குப் போயிருந்தேன். வராந்தாவில் சீர் ஊர்வலத்தின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. வகுப்பில் புது மின்விசிறிகள், ஒவ்வொரு இறக்கையிலும் உபயதாரர் பெயர். அதில் இரண்டு சுற்றவில்லை. ஏன் டீச்சர் என்று கேட்டேன். காயில் போய்விட்டது, கட்ட இருநூறு முந்நூறு ரூபாய் ஆகும் என்றார் தலைமையாசிரியை. உபயதாரரிடம் கேட்கலாமே என்றேன். "அவரு ஃபேன்தான் குடுத்தாரு. காயில் கட்டுறதுக்கு யாரு சார் மேளத்தோட வருவா?" என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து பணம் எடுத்து எலக்ட்ரீஷியனைக் கூட்டிவர ஒரு பையனை அனுப்பினார்.